தமிழ் விளையாட்டு டெஸ்க்கில் சேர விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் நிறையப் பேர் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ் நாளிதழ், தமிழ்ச் செய்தி இணையதளம் ஆகிய இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலப் பத்திரிகைக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? உட்கார்ந்து மேட்ச் பார்ப்பாரா?

பார்ப்பார். ஆனால் ஒரு கண் டிவியில், ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். நாளிதழில் வேலை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். இன்று எந்தெந்தப் போட்டி, எது எத்தனை மணிக்கு முடியும், நாளைக்கு எத்தனை பக்கம், அதில் விளம்பரம் எவ்வளவு இடம் எடுக்கிறது என்று பார்த்து டம்மி (பக்கத்தின் மாதிரி வரைபடம்) போடுவார். பிறகு செய்தி நிறுவனங்களின் காப்பி (அவர்கள் எழுதி அனுப்பும் செய்தி) வரும், மாவட்ட நிருபர்களின் முடிவுகள் வரும், படங்கள் வரும். எதை லீடாக, அதாவது முதன்மைச் செய்தியாக வைப்பது, எதைப் பாக்ஸாகப் போடுவது, எதை நாலு வரித் துணுக்காகச் சுருக்குவது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவு செய்வதுதான் அவருடைய உண்மையான வேலை. மாலை ஏழு மணிக்குத் திடீரென்று கால் பக்க விளம்பரம் வந்தால், அதுவரை போட்ட கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் இரவு. 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். அகமதாபாத்தில் மே 28 ஞாயிறு அன்று நடக்க வேண்டியது மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போனது. குஜராத் 214 ரன் எடுத்தது. தமிழகத்தின் சாய் சுதர்சன் 96. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. நள்ளிரவு தாண்டி 15 ஓவரில் 171 ரன் என்று இலக்கு மாறியது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து முடித்தபோது மணி சுமார் 1.30. தொலைதூர ஊர்களுக்குப் போக வேண்டிய பதிப்பு அந்த நேரம் வரை காத்திருக்காது. இப்படிப்பட்ட இரவுக்கு டெஸ்க் (செய்திகளைத் திருத்திப் பக்கம் தயாரிக்கும் பிரிவு) முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். சென்னை வென்றால் ஒரு பக்கம், குஜராத் வென்றால் ஒரு பக்கம், முடிவு தெரியாமலே பதிப்பை அனுப்ப வேண்டி வந்தால் இன்னொரு பக்கம். ஆட்டமே நடக்காமல் போனால் லீக் சுற்றில் முதலிடம் பிடித்த குஜராத்துக்குத்தான் கோப்பை என்ற விதியும் அந்த மேசையில் யாராவது ஒருவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதியும் அப்படி ஒரு நாள். ராஜ்கோட் டெஸ்டில் அஸ்வின் தன் 500-வது விக்கெட்டை எடுத்தார். தமிழ்நாட்டில் எந்த டெஸ்க்கிலும் லீடு எது என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. அன்று இரவே, குடும்பத்தில் மருத்துவ அவசரம் காரணமாக அவர் அணியை விட்டுச் செல்கிறார் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. கொண்டாட்டமாகத் தலைப்பு வைத்த பக்கத்தை அப்படியே விடுவதா, தொனியை மாற்றுவதா, புதுச் செய்தியை எவ்வளவு இடத்தில் சொல்வது, குடும்ப விஷயத்தில் எதுவரை போகலாம்? இந்த நாலு முடிவையும் சில நிமிடங்களில் எடுக்கிறவர்தான் ஆசிரியர்.

படிப்பு முடிந்ததும் நேரடியாக அந்தப் பொறுப்புக்கு வர முடியுமா?

முடியாது. பயிற்சி ஊழியராகவோ, காப்பியைத் திருத்தும் சப்-எடிட்டராகவோ சேர்வீர்கள். பிறகு சீனியர் சப், சீஃப் சப் என்று மேலே போகலாம். சிலர் நிருபராகத் தொடங்கி டெஸ்க்குக்கு வருவார்கள். இணையதளங்களில் படிகள் குறைவு, பதவிப் பெயர்களும் வேறு. அங்கே சீக்கிரம் பொறுப்பு கிடைக்கும். ஆனால் உங்கள் காப்பியைத் திருத்திச் சொல்லித் தர ஒரு மூத்தவர் இருக்கிறாரா என்பதைப் பார்த்துச் சேருங்கள். முதல் வேலையில் பதவியைவிட அது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

என்ன படிக்க வேண்டும்?

ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். தமிழ் இலக்கியம், வணிகவியல், உடற்கல்வி, பொறியியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இதழியல் படிப்பு கட்டாயம் இல்லை, படித்தால் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கான துறைகள் இருக்கின்றன. சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் முதுநிலை டிப்ளமோ தருகிறது. பயிற்று மொழி ஆங்கிலம், கட்டணமும் அதிகம். உதவித்தொகை பற்றி விசாரித்து விட்டு முடிவெடுங்கள். கல்லூரியில் படிக்கும்போதே பத்திரிகை வேலையைத் தொட்டுப் பார்க்க விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல காலமாக ஒரு வாசலாக இருந்து வருகிறது. அங்கே விளையாட்டு மட்டும் எழுத விட மாட்டார்கள். அதுவே நல்லது.

தட்டச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். தமிழ்99 விசைப்பலகையில் திரையைப் பார்த்தபடி வேகமாக அடிக்கப் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையிலும் வேலை நடக்கும், ஆனால் இரவு பதினோரு மணி அவசரத்தில் வேகம் போதாது.

நான் மாவட்ட அளவில்கூட விளையாடியதில்லை. பிரச்சினையா?

இல்லை. ஆனால் மைதானத்துக்குப் போய்ப் பார்த்த அனுபவம் வேண்டும். டிவி கேமரா பந்துக்குப் பின்னாலேயே போகும். ஃபீல்டிங் எப்படி மாற்றப்பட்டது, ரைடு போகாத நேரத்தில் கபடி ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், பயிற்சியாளர் ஓரத்தில் நின்று என்ன கத்துகிறார் என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

கிரிக்கெட் நன்றாகத் தெரியும். அது போதாதா?

கிரிக்கெட் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எல்லா டெஸ்க்கிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் தேடுவது மற்றதைப் பார்த்துக்கொள்ளும் ஆளை. இதை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவருக்கு உள்ளே நுழைய இதுதான் எளிதான வழி. தமிழ் விளையாட்டுப் பக்கத்தின் பெரிய குறையும் இங்கேதான் இருக்கிறது.

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். நடப்புச் சாம்பியனான சீனாவின் டிங் லிரெனுக்கு எதிராக 7.5–6.5. கடைசி, 14-வது ஆட்டம் டிராவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதனால் குகேஷால் யானைகளையும் பிஷப்களையும் வெட்டிக் கழித்துவிட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சும் ஒரு நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டுபோக முடிந்தது. அந்த நிலையில் டிங்குக்குத் தப்பிக்க வழியே இல்லை. ‘எதிராளி செய்த தவறால் குகேஷ் வென்றார்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அது குகேஷுக்கும் நியாயம் இல்லை, டிங்குக்கும் நியாயம் இல்லை. டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் சிறு சாதகத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அழுத்தியதால்தான் அந்தத் தவறு வந்தது. இதைச் செஸ் தெரியாத வாசகருக்கும் புரியும்படி 300 வார்த்தையில் எழுதத் தெரிந்த ஒருவர் அன்று எந்த டெஸ்க்கில் இருந்தாலும் அந்த டெஸ்க்குக்குப் பெரிய பலம்.

மாரியப்பன் தங்கவேலு இன்னொரு உதாரணம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோதுதான் பெரும்பாலான வாசகர்களுக்கு அவர் பெயரே தெரிய வந்தது. பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ரியோவில் அவர் போட்டியிட்ட, உடல் குறைபாட்டின் வகையை வைத்து அமையும் பிரிவு டி42, அடுத்த இரண்டிலும் டி63. அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன, ஏன் மாறின என்று தெரியாத டெஸ்க் அதை அப்படியே வெட்டி ஒட்டும், அல்லது எடுத்துவிடும். பாராலிம்பிக்கை ‘தன்னம்பிக்கைக் கதை’ என்று மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காது. அதுவும் போட்டிதான். எவ்வளவு உயரம், எத்தனையாவது முயற்சி, எதிராளி எவ்வளவு தாண்டினார் என்பதை மற்றப் போட்டிகளைப் போலவே எழுத வேண்டும்.

வடசென்னையில் கேரம் இருக்கிறது. உலக சாம்பியனான மரிய இருதயம் 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். கோவில்பட்டியில் ஹாக்கி இருக்கிறது. ஊர் ஊராகக் கபடியும் வாலிபாலும் இருக்கின்றன. உங்கள் ஊரில் எந்த விளையாட்டு வேரூன்றியிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்கள், நடுவர்கள், மாவட்டச் சங்கச் செயலாளர், விளையாட்டு விடுதி வார்டன் ஆகியோரின் தொலைபேசி எண்கள் உங்களிடம் இருந்தால் சென்னையில் இருக்கும் எந்த சீஃப் சப்பும் உங்களைத் தேடி அழைப்பார்.

உள்ளூர்ச் செய்தியை எப்படி எழுதிப் பழகுவது?

சங்கங்கள் அனுப்பும் பத்திரிகைக் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்: மாவட்ட அளவிலான கபடிப் போட்டி நடைபெற்றது. இன்னார் தலைமை தாங்கினார். இன்னார் முன்னிலை வகித்தார். இன்னார் வரவேற்றார். சிறப்பு விருந்தினராக இன்னார் கலந்துகொண்டு கோப்பை வழங்கினார். இப்படிப் பத்துப் பெயர் வந்த பிறகு, கடைசிக்கு முந்தைய வரியில் எந்த அணி வென்றது என்று இருக்கும். புள்ளிகள் இருக்காது. நன்றி கூறியவர் பெயர் தவறாமல் இருக்கும்.

இதைத் தலைகீழாகத் திருப்புங்கள். யார் யாரை எத்தனைக்கு எத்தனை என்று வென்றார்கள் என்பது முதல் வரி. ஆட்டம் எங்கே திரும்பியது என்பது இரண்டாவது. அது குறிப்பில் இருக்காது, அதனால் நடுவருக்கோ பயிற்சியாளருக்கோ போன் போட வேண்டும். ‘இடைவேளையில் எவ்வளவு? ஆல் அவுட் யார் வாங்கினார்கள்? கடைசி ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது?’ என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும், செய்திக்கு உயிர் வந்துவிடும். வென்ற அணியின் முக்கிய ஆட்டக்காரர் யார், எந்த வகுப்பு படிக்கிறார், அடுத்து எந்தப் போட்டிக்குப் போகிறார் என்பது மூன்றாவது. பரிசு கொடுத்தவர் பெயர் கடைசி வரியில் வரட்டும். இடம் இல்லையென்றால் அதுதான் முதலில் போக வேண்டும்.

அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அந்தத் துணுக்கை வெட்டி வைத்துக்கொள்வார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கும்போது சான்றிதழோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்க் காட்டுகிறவர்கள் உண்டு. பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அவர்களுக்கு அது பெரிய இழப்பு. டெண்டுல்கரின் பெயரை யாரும் தப்பாக எழுதப் போவதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் பெயரும் முதலெழுத்தும் சரியாக வருகிறதா என்பதில்தான் ஒரு டெஸ்க்கின் தரம் எனக்குத் தெரியும்.

ஆங்கிலம் எவ்வளவு தெரிய வேண்டும்?

படித்துப் புரிந்துகொள்ள நன்றாகத் தெரிய வேண்டும். பேச, எழுத ஓரளவு. செய்தி நிறுவனங்களின் காப்பியும், விதிப் புத்தகங்களும், சர்வதேச அமைப்புகளின் அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. அதை வரிக்கு வரி தமிழாக்கினால் பக்கம் ஓடாது. ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, அதை மூடி வைத்துவிட்டு, நடந்ததை ஒரு நண்பருக்குச் சொல்வது போல எழுதுங்கள். பிறகு பெயர்களையும் எண்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். டெல்லிக்காரருக்கு எழுதிய செய்தியில் நாலாவது பத்தியில் கிடக்கும் தகவல் உங்கள் வாசகருக்கு முதல் பத்தியாக இருக்கலாம்.

கணக்கில் நான் பலவீனம்.

சரிசெய்து கொள்ளலாம், ஆனால் சரிசெய்தே ஆக வேண்டும். விளையாட்டுப் பக்கத்தில் வாசகர் முதலில் கண்டுபிடிப்பது எண் பிழையைத்தான்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது ஓவர். 18.3 ஓவர் என்றால் 18 ஓவரும் மூன்று பந்தும், அதாவது 111 பந்து. கால்குலேட்டரில் 18.5 என்று போட வேண்டும். 165 ரன்னை 18.5-ஆல் வகுத்தால் ரன் ரேட் 8.92. 18.3 என்றே போட்டு வகுத்தால் 9.02 என்று வரும், தப்பு. நெட் ரன் ரேட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் அணி 20 ஓவர் போட்டியில் 15 ஓவரிலேயே ஆல் அவுட் ஆனாலும் முழு 20 ஓவரும் கணக்கில் வரும். பிளே-ஆஃப் வாய்ப்பு பற்றி எழுதும் வாரத்தில் இது தெரியாதவர் எழுதியதை நம்ப முடியாது.

இரண்டாவது சராசரி. பேட்டிங் சராசரிக்கு ரன்னை ஆடிய இன்னிங்ஸால் வகுக்கக் கூடாது, அவுட் ஆன எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிராட்மேன் டெஸ்டில் 80 இன்னிங்ஸில் 6,996 ரன் எடுத்தார். 10 முறை அவுட் ஆகவில்லை. ஆக 6,996-ஐ 70-ஆல் வகுத்தால்தான் அந்தப் புகழ்பெற்ற 99.94 வரும்.

ஸ்கோர் போர்டு தட்டும்போது பேட்டர்களின் ரன்னையும் உதிரியையும் கூட்டி மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அலுப்பான வேலைதான். இதைச் சலிக்காமல் செய்கிறவரை டெஸ்க் மிக விரைவில் நம்பத் தொடங்கும்.

பிரேக்கிங் செய்தியில் முந்துவதா, சரிபார்ப்பதா?

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஜிம்பாப்வே முன்னாள் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அவரோடு ஆடிய ஹென்றி ஒலோங்காவே சமூக வலைதளத்தில் இரங்கல் தெரிவித்திருந்தார். முன்னாள் அணித் தோழரே சொல்லிவிட்டார் என்று பல ஊடகங்கள் போட்டுவிட்டன. சில மணி நேரத்தில் ஸ்ட்ரீக் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. ஒலோங்காவும் திருத்தம் வெளியிட்டார். கடும் நோயோடு போராடிய ஸ்ட்ரீக் செப்டம்பர் 3-ஆம் தேதிதான் காலமானார். இடைப்பட்ட நாட்களில் அவரும் அவர் குடும்பமும் தங்கள் வீட்டுச் சாவுச் செய்தியைத் தாங்களே படிக்க நேர்ந்தது.

மரணம், ஓய்வு, ஊக்கமருந்து, கைது. இந்த நாலில் ஒன்று என்றால் குடும்பத்தாரோ, வாரியமோ, காவல்துறையோ நேரடியாகச் சொன்னதாக இரண்டு இடத்தில் உறுதியாகாமல் வெளியிடாதீர்கள். பத்து நிமிடம் தாமதமானதற்காக வாசகர் உங்களை விட்டுப் போக மாட்டார். ஆசிரியர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளையாட்டுச் செய்தியில் சட்டம், நெறி எல்லாம் வருமா?

நிறைய வரும். விளையாட்டுப் பக்கம் வெற்றி தோல்வியோடு முடிந்துவிடுவதில்லை.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தப் பரிசோதனை விவரம் அவருடைய அந்தரங்கம். அது ஊடகம் முழுக்கப் பரவியது, அவர் உடலைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பேசினார்கள். ஒரு மனுஷி எவ்வளவு தாங்குவார்? பதக்கம் பறிக்கப்பட்டது செய்தி. யார் எந்த விதியின்படி பறித்தார்கள், அந்த விதி சரியா, மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்பதும் செய்தி. உடல் பற்றிய ஊகம் செய்தி ஆகாது. 2015-இல் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம், வீராங்கனைகளின் ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த அப்போதைய விதியையே நிறுத்தி வைத்தது. விதியைக் கேள்வி கேட்கும் பழக்கம் 2006-இல் நம் டெஸ்க்குகளில் இன்னும் வலுவாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இந்த வழக்கை அவசியம் படியுங்கள்.

2023-இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது விளையாட்டு நிருபர்கள் முதல் தகவல் அறிக்கையும் நீதிமன்ற உத்தரவும் படிக்க வேண்டி வந்தது. பாலியல் குற்றப் புகாரில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரியும் எந்த விவரத்தையோ வெளியிடக் கூடாது. சிறார் என்றால் போக்சோ சட்டம் இன்னும் கடுமையாகத் தடுக்கிறது. பெயரை மறைத்துவிட்டு ‘இந்த ஊர், இந்த எடைப் பிரிவு, இந்த ஆண்டு பதக்கம்’ என்று எழுதினாலும் அது அடையாளம் காட்டுவதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் விஷயத்திலும் கவனம் வேண்டும். புகார் புகார்தான், தீர்ப்பு அல்ல. அந்த விவகாரத்தில் போக்சோ வழக்கை முடித்துக்கொள்ளும் போலீஸ் அறிக்கையை 2025-இல் நீதிமன்றம் ஏற்றது, மற்ற வீராங்கனைகளின் வழக்கு தனியாக நடந்தது. இரண்டையும் குழப்பாமல் எழுத நீதிமன்றச் செய்தி எழுதும் பயிற்சி வேண்டும். அதனால்தான், ஆரம்பத்தில் ஆறு மாதமாவது பொதுச் செய்தி டெஸ்க்கில் போடுகிறோம் என்றால் மறுக்காதீர்கள்.

பெண்களுக்கு இந்தத் துறை சரிப்படுமா?

சரிப்படும். ஷார்தா உக்ரா 1989-இல் மும்பையில் தொடங்கி தி இந்து, இந்தியா டுடே, கிரிக்இன்ஃபோ என்று பல இடங்களில் எழுதி நாட்டின் மிக முக்கியமான விளையாட்டு எழுத்தாளர்களில் ஒருவராக ஆனார். தமிழ் டெஸ்க்குகளில் பெண்கள் இன்னும் குறைவுதான், அதற்குத் திறமை காரணம் இல்லை. நேர்காணலிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள்: இரவு வேலை முடிந்ததும் வீடு வரை வண்டி உண்டா, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள். இந்தக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். கேட்பதற்காக வேலை தர மறுக்கும் இடம் என்றால், அங்கே சேராமல் இருப்பதே நல்லது. மகளிர் கிரிக்கெட்டை மட்டும் பெண்களுக்கு ஒதுக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சம்பளம் எப்படி?

தொடக்கத்தில் குறைவு. ஐடி வேலைக்குப் போன நண்பரோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் மிஞ்சும். தொகையோடு சேர்த்து வருங்கால வைப்பு நிதி, இரவுப்படி, வார விடுமுறை, ஒப்பந்தமா நிரந்தரமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ‘பைலைன் (செய்தியில் எழுதியவர் பெயர்) தருகிறோம், அதுவே சம்பளம்’ என்று மாதக்கணக்கில் இலவசமாக எழுதச் சொல்கிறவர்களுக்கு எழுதாதீர்கள். கல்லூரி விடுமுறைப் பயிற்சி வேறு, அது கற்றுக்கொள்ளும் காலம்.

குடும்பம், தூக்கம், பண்டிகை?

ஞாயிற்றுக்கிழமை மாலைதான் உங்களுக்கு உச்ச வேலை. கல்யாணங்களுக்குப் போக முடியாது. தீபாவளி, பொங்கல் போன்ற சில நாட்களில் நாளிதழுக்கு விடுமுறை உண்டு, இணையதளத்துக்கு அதுவும் இல்லை. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகள் பல நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் நடக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அச்சு, இணையம், தொலைக்காட்சி மூன்றில் எதில் தொடங்கலாம்?

எங்கே வாய்ப்பு வருகிறதோ அங்கே. என்னைக் கேட்டால் அச்சு டெஸ்க்கில் ஓராண்டாவது இருந்துவிட்டுப் போகச் சொல்வேன். இடம் குறைவு, அனுப்பிய பிறகு திருத்த முடியாது. இந்த இரண்டு நெருக்கடியும் சேர்ந்து சுருக்கமாகவும் சரியாகவும் எழுத வைத்துவிடும்.

சொந்தமாக யூடியூப் சேனல் நடத்துகிறேன். அது உதவுமா?

உங்கள் குரலையும் உழைப்பையும் காட்ட உதவும். இரண்டு எச்சரிக்கை. ஒளிபரப்புக் காட்சிகளுக்கும் செய்தி நிறுவனப் படங்களுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். டிவித் திரையைப் படம் பிடித்துப் போடுவது உங்கள் படம் ஆகாது. அடுத்து, சூதாட்டச் செயலிகளின் விளம்பரம். எவ்வளவு பணம் தந்தாலும் வாங்காதீர்கள். ஆட்டத்தின் நேர்மையைப் பற்றி எழுதப் போகிறவர் பந்தயக்காரரிடம் பணம் வாங்கியிருந்தார் என்றால் அவரை எந்த டெஸ்க்கும் எடுக்கத் தயங்கும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் 2022 முதலே இத்தகைய விளம்பரங்களுக்கு எதிராக அறிவுறுத்தல்கள் கொடுத்து வருகிறது.

மைதானத்தின் செய்தியாளர் மாடத்துக்குள் எப்போது போகலாம்?

அனுமதி அட்டையைப் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான் தருவார்கள். ஐபிஎல், சர்வதேசப் போட்டி என்றால் கிரிக்கெட் வாரியத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், இடங்களும் குறைவு. புதியவருக்கு உடனே கிடைக்காது. மாநில அளவிலான தடகளம், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள், லீக் ஆட்டங்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே போய் உட்காருங்கள். உள்ளே போனால் கைதட்டாதீர்கள், கையெழுத்து கேட்காதீர்கள், செல்ஃபிக்காக வீரரை மறிக்காதீர்கள்.

இலங்கையிலிருந்து கேட்கிறேன். இது எனக்கும் பொருந்துமா?

வேலை முறை ஒன்றுதான். சொல் வழக்கு வேறு: ரன் என்பதை அங்கே ஓட்டம் என்றும், கால்பந்தை உதைபந்தாட்டம் என்றும் எழுதுவீர்கள். அந்தந்தப் பத்திரிகையின் நடையை மாற்றாமல் பின்பற்றுங்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே நூறாண்டைத் தாண்டி நடந்துவரும் கிரிக்கெட் போட்டி போலப் பள்ளி விளையாட்டுக்கு அங்கே இருக்கும் வாசகர் கூட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. தொடங்க அது அருமையான இடம்.

சரி, விண்ணப்பத்தோடு என்ன அனுப்ப வேண்டும்?

சுயவிவரம் ஒரு பக்கம் போதும். ‘சிறு வயது முதலே விளையாட்டில் ஆர்வம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள், எல்லோரும் எழுதுகிறார்கள். கூடவே மூன்று மாதிரிகள் அனுப்புங்கள். ஒன்று, நீங்களே நேரில் பார்த்த உள்ளூர்ப் போட்டியின் செய்தி, 150 வார்த்தைக்குள். இரண்டு, ஏதாவது ஓர் ஆங்கில ஏஜென்சிச் செய்தியும் அதை நீங்கள் தமிழில் எழுதியதும், பக்கத்தில் பக்கத்தில். மூன்று, நீங்கள் சேர விரும்பும் பத்திரிகையின் அன்றைய விளையாட்டுப் பக்கத்தை எடுத்து, நீங்களாக இருந்தால் எதை மேலே கொண்டுவந்திருப்பீர்கள், எதைச் சுருக்கியிருப்பீர்கள், ஏன் என்று அரைப் பக்கக் குறிப்பு.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு தேர்வு இருக்கும். மூன்று நான்கு காப்பியைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் திருத்தித் தலைப்பு வைக்கச் சொல்வார்கள். எண் பிழையோ பெயர்ப் பிழையோ வேண்டுமென்றே புதைத்து வைத்திருப்பார்கள். முதல் பத்து நிமிடம் எதையும் எழுதாமல் எல்லாவற்றையும் படித்து முடியுங்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஊகித்து மாற்றாமல், ஓரத்தில் ‘சரிபார்க்கவும்’ என்று குறித்து வையுங்கள்.